உண்ணாத சோறு போன ஊர்கள்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பி, "இன்றைக்கு ஒருசந்தி" என்று மத்தியானம் ஒரு வேளை மட்டும் சாப்பிடும் கத்தோலிக்க வீடுகள் நமக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சுத்தபோசனம். கறி கூடாது, மீன் ஆகலாம். பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. வீட்டில் இதே நாட்களை லெந்து என்பார்கள். அடுத்த சந்தில் பெந்தெகொஸ்தே சபையில் காலை பத்து மணிக்கெல்லாம் உபவாச ஜெபம் களைகட்டியிருக்கும். எல்லாம் பார்த்துப் பழகிய காட்சிகள். ஆனால் சாப்பிடாமல் விட்ட அந்தச் சோறும் அதற்கான காசும் எங்கே போயின என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்கப் புறப்பட்டால் ரோமாபுரியில் தொடங்கி நார்வே, மதுரை, சின்சினாட்டி, மிசோரம் என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு வெண்ணெய்க் கோபுரமும் உண்டு.

தொடக்கத்தில் இது இரவல் வாங்கிய பழக்கம். யூதர்களில் பக்தி மிகுந்தவர்கள் திங்களும் வியாழனும் நோன்பிருந்தார்கள். முதல் கிறிஸ்தவர்களும் அதே வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் நோன்பும் கூடவே வந்துவிட்டது. இரண்டு கூட்டமும் ஒரே நாளில் பட்டினி கிடந்தால் யார் யாரென்று எப்படித் தெரியும்? 'திதாகே' என்னும் மிகப் பழைய சபைக் கையேட்டில் அதற்கு எளிய வழி இருக்கிறது: அவர்கள் திங்களும் வியாழனும் இருக்கட்டும், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள். கிழமை மாறியது, பட்டினி அப்படியே நின்றது. யூதாஸ் காட்டிக்கொடுத்தது புதன், சிலுவையில் அறைந்தது வெள்ளி என்ற விளக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. இந்தக் கையேடு நூற்றாண்டுக் கணக்கில் காணாமல் போய், 1873-ல் கான்ஸ்டான்டிநோபிள் நூலகம் ஒன்றில் பிலோதேயோஸ் பிரியெனியோஸ் என்ற கிரேக்கக் குருவின் கையில் அகப்பட்டது தனிக் கதை.

நாம் தேடும் கணக்கு முதன்முதலாகத் தெளிவாகத் தட்டுப்படுவது 2-ஆம் நூற்றாண்டு ரோமில். ஹெர்மாஸ் என்பவர் எழுதிய 'மேய்ப்பர்' என்ற நூலில் நோன்புக்கு ஒரு செய்முறை வருகிறது. அன்றைக்கு ரொட்டியும் தண்ணீரும் போதும். பிறகு, வழக்கம்போலச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அநாதைப் பிள்ளைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில் ஏதென்ஸைச் சேர்ந்த அரிஸ்டைடீஸ், ரோமப் பேரரசருக்கு எழுதிய வாதுரையில் இன்னொரு தகவல் சொல்கிறார். கிறிஸ்தவர்களிடையே ஓர் ஏழை இருந்து, மற்றவர்களிடமும் உபரியாக ஒன்றும் இல்லையென்றால், எல்லோரும் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அவருக்குச் சாப்பாடு திரட்டுவார்களாம். மோசே நாற்பது நாள், எலியா நாற்பது நாள், பாலைவனத்தில் இயேசு நாற்பது நாள் என்ற பெரிய எண்களெல்லாம் இந்த வரவுசெலவில் இன்னும் நுழையவில்லை.

அவை நுழைந்த விதமும் நேர்வழி அல்ல. ஈஸ்டருக்கு முன்னால் எத்தனை நாள் நோன்பு என்பதில் 190-களில்கூட ஒற்றுமை கிடையாது. சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் என்று லியோன் நகர ஆயர் இரேனேயுஸ் ரோமுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லி, இதற்காகச் சண்டை வேண்டாம் என்கிறார். 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியில் 'நாற்பது' என்ற காலம், எல்லோருக்கும் தெரிந்த சங்கதிபோலப் போகிற போக்கில் வந்துவிட்டுப் போகிறது. எகிப்து மட்டும் பின்தங்கியிருந்தது. நாடு கடத்தப்பட்டு ரோமில் தங்கியிருந்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 340 வாக்கில் ஊருக்குக் கடிதம் எழுதினார்: உலகமே நாற்பது நாள் இருக்கும்போது எகிப்து மட்டும் இல்லாமலிருந்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். வெளியூர் போன மனிதர் அங்கே கண்டதைப் பார்த்து வெட்கப்பட்டு எழுதிய கடிதத்துக்கும் இந்தப் பழக்கம் பரவியதில் பங்கு உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். 380-களில் ஜெருசலேம் சென்ற எகேரியா என்ற பெண் யாத்ரீகர், அங்கே எட்டு வாரம் நோன்பு என்று குறித்து வைத்திருக்கிறார். சனி ஞாயிறுகளைக் கழித்தால்தானே நாற்பது தேறும். ரோமில் ஆறு வாரம், ஞாயிறு போக 36 நாள். ஆண்டின் நாட்களில் பத்தில் ஒரு பங்கு கடவுளுக்கு என்று போப் பெரிய கிரகோரி அதற்குக் கணக்குச் சொன்னார். விடுபட்ட நான்கு நாளைப் பிற்காலத்தில் முன்பக்கம் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்க வேண்டிய தவக்காலம் புதன்கிழமையில் வந்து நிற்பது இந்த ஒட்டுவேலையால்தான்.

விதி வந்ததும் ஓட்டை தேடுவது மனித இயல்பு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் (விஷம் குடித்தவர் அல்ல, இவர் வேறு) ஊருக்கு ஊர் நடந்த நோன்புகளைச் சுவையாகப் பட்டியலிடுகிறார். சிலர் உயிருள்ள எதையும் தொடமாட்டார்கள். சிலர் மீன் மட்டும் தின்பார்கள். சிலர் மீனோடு பறவையும் தின்பார்கள். ஆதியாகமத்தின்படி பறவைகளும் தண்ணீரிலிருந்து வந்தவைதானே என்பது அவர்கள் வாதம். சிலர் பிற்பகல் மூன்று மணி வரை பட்டினி கிடந்துவிட்டு அப்புறம் எதையும் விட்டுவைப்பதில்லை.

நேரத்திலும் இதே கதைதான். ஆதியில் சூரியன் மறைந்த பிறகுதான் சாப்பாடு. பிறகு அது மூன்று மணிச் செபத்துக்குப் பின் என்றானது. அதுவும் தாங்கவில்லை. அதனால் விதியை மீறினார்களா என்றால் இல்லை. மூன்று மணிச் செபத்தை நடுப்பகலுக்கு நகர்த்திவிட்டார்கள்! செபம் முடிந்துதான் சாப்பிட்டோம் என்று சத்தியம் செய்யலாம். மத்தியானமே சாப்பிட்டால் ராத்திரி பசிக்குமே? துறவியர் இரவுச் செபத்துக்கு முன் கொஞ்சம் பானம் அருந்தலாம் என்று ஆரம்பித்து, வெறும் வயிற்றில் பானம் ஆகாது என்று ஒரு துண்டு ரொட்டி சேர்ந்து, கடைசியில் அது ஒரு சிற்றுண்டியாகவே நிலைத்தது. நம்மூர் ஒருசந்தியிலும் இரவில் கொஞ்சம் பலகாரம் ஆகும் என்ற சலுகையின் பூர்வீகம் அந்த மடங்கள்தான்.

மேற்கு ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி போயிற்று, முட்டை போயிற்று, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டியும் போயின. ஆறேழு வாரம் ஒரு கண்டம் முழுக்க மாட்டையும் ஆட்டையும் தொடாது என்றால் அந்தக் காசு எங்கே போகும்? கடலுக்குப் போயிற்று. நார்வேயின் வடகோடியில் லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனைப் பிடித்து, மரச்சட்டங்களில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டால் குளிர்காற்றே அதை விறகுபோல் காய வைத்துவிடும். உப்புப் போடாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கணக்கில் கெடாது. பெர்கன் துறைமுகத்தில் கிட்டங்கி போட்டிருந்த ஜெர்மானிய ஹான்சா வணிகர்கள் அதை வாங்கித் தெற்கே அனுப்பினார்கள். பதிலுக்குத் தானியம் வடக்கே வந்தது. கொலோனில் ஒரு தையற்காரர் வெள்ளிக்கிழமை கறியை விட்டால், தானியம் சரியாக விளையாத லோஃபோட்டனில் ஒரு மீனவர் வீட்டில் ரொட்டி வெந்தது.

நோன்பு மீனுக்காக ஒரு போரே நடந்திருக்கிறது. 1429 பிப்ரவரி 12, தவக்காலத்தின் முதல் வாரம். ஆர்லியன்ஸ் நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படைக்குக் கறி கூடாது என்பதால், சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் வண்டி வண்டியாக ஹெரிங் மீன் பீப்பாய்களைக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். ரூவ்ரே என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வழிமறித்தார்கள். ஃபாஸ்டால்ஃப் மீன் வண்டிகளையே வளைத்துக் கோட்டையாக்கிப் போரிட்டு ஜெயித்தார். 'ஹெரிங் போர்' என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர். மனிதனை வெட்டலாம், மாட்டிறைச்சி தின்னக்கூடாது என்ற அந்த ஒழுங்கைப் பற்றி அன்றைக்கு யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

மீன் கிடைக்காதவர்கள் மீனைத் தயாரித்துக்கொண்டார்கள். அயர்லாந்தில் சில ஆயர்களும் குருக்களும் ஒருவகை வாத்தை நோன்பு நாளில் தின்கிறார்கள் என்று 1180-களில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதினார். அந்த வாத்து முட்டையிலிருந்து வருவதில்லையாம். கடலில் மிதக்கும் மரக்கட்டையில் ஒட்டியிருக்கும் சிப்பியிலிருந்து முளைக்கிறதாம். எனவே அது மாமிசம் ஆகாது! இதைச் சோதித்துப் பார்த்தவர் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக். வடக்கே ஆளனுப்பிச் சிப்பி ஒட்டிய கட்டைகளைக் கொண்டுவரச் செய்து, உள்ளே பறவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று தம் பருந்து வேட்டை நூலில் எழுதிவைத்தார். ஆனாலும் இந்தத் தர்க்கம் சாகவில்லை. வெனிசுவேலாவில் கபிபாரா என்ற பெரிய நீர்வாழ் கொறிவிலங்கு இன்றும் புனித வாரத்து விருந்து. 2010-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேராயர், முதலைக்கறி மீன் கணக்கில்தான் வரும், வெள்ளிக்கிழமை சாப்பிடலாம் என்று ஒரு பக்தருக்குக் கடிதமே கொடுத்தார்.

வெண்ணெய் விஷயம் அத்தனை சுலபமாகத் தீரவில்லை. இந்த விதிகள் பிறந்தது மத்தியதரைக் கடலோரத்தில். அங்கே வெண்ணெய் இல்லாவிட்டால் என்ன, ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொள்வார்கள். நார்மண்டியிலும் சாக்சனியிலும் ஆலிவ் மரம் ஏது? புல்லும் பசுவும்தான். தெற்கிலிருந்து வந்த எண்ணெயோ விலை அதிகம், பல நேரம் சிக்குவாடை வேறு. ஆகவே வடக்கத்தியர் காசு கொடுத்து விலக்கு வாங்கினார்கள். பிரான்சின் ரூவான் பேராலயத்துத் தென்மேற்குக் கோபுரம் 1485-ல் தொடங்கி 1506-ல் முடிந்தது. தவக்காலத்தில் வெண்ணெயும் பாலும் சாப்பிட அனுமதி பெற்றவர்கள் கட்டிய காசு அதில் சேர்ந்ததால் இன்றும் ஊரார் அதை வெண்ணெய்க் கோபுரம் என்கிறார்கள். சாக்சனியில் ஆட்சியாளர்கள் ரோமுக்கு மனுப் போட்டு, 1491-ல் போப் எட்டாம் இன்னசென்ட்டிடமிருந்து 'வெண்ணெய்க் கடிதம்' பெற்றார்கள். அந்த விலக்குக் கட்டணம் ஃப்ரைபெர்க் ஆலயக் கட்டடத்துக்குப் போயிற்று. ட்ரெஸ்டன் நகரின் ஸ்டோலன் கேக் இன்று வெண்ணெயில் ஊறிக் கிடப்பதன் முன்கதை இந்தக் கடிதம். ஹெர்மாஸ் காலத்தில் சாப்பிடாத காசு விதவைக்குப் போனது. இப்போது சாப்பிடுவதற்கான காசு கொத்தனாருக்குப் போகிறது. கணக்குத் தலைகீழாகிவிட்டது. 1520-ல் மார்ட்டின் லூதர் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று: ரோமில் அவர்கள் செருப்புக்குக்கூடப் பூசாத எண்ணெயை நம்மைத் தின்ன வைத்துவிட்டு, வெண்ணெய்க்கு அனுமதிச் சீட்டு விற்கிறார்களே!

லூதராவது எழுதினார். சூரிச் நகரில் கடித்தே காட்டினார்கள். 1522 மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அச்சுக்கூடம் வைத்திருந்த கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில் ஒரு டஜன் பேர் கூடியிருந்தார்கள். புகைபோட்ட இரண்டு சாசேஜை மேசையில் வைத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். இரண்டு சாசேஜ் பன்னிரண்டு பேருக்கு எந்த மூலைக்கு? பசிக்காகச் சாப்பிட்டதல்ல என்பது அளவிலேயே தெரிகிறது. பெரிய கோயில் போதகர் உல்ரிக் ஸ்விங்லியும் அங்கே இருந்தார். அவர் மட்டும் வாயில் போடவில்லை. நகர மன்றம் விசாரணைக்கு இழுத்தபோது ஃப்ரோஷவர் சொன்ன பதில் எந்த அச்சுக்கூட முதலாளியும் சொல்லக்கூடியது: ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குள் பவுலின் நிருபங்களை அச்சடித்து முடிக்க வேண்டும், என் ஆட்கள் ராப்பகலாக உழைக்கிறார்கள், வெறும் கூழை ஊற்றி வேலை வாங்க முடியாது, தினம் மீன் வாங்கவும் எனக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு வாரம் கழித்து ஸ்விங்லி உணவுச் சுதந்திரம் பற்றிப் பிரசங்கித்தார்: விருப்பமானால் நோன்பிரு, ஆனால் அதைச் சட்டமாக்காதே. ஏப்ரலில் அந்தப் பிரசங்கம் நூலாக வந்தது. சுவிஸ் சீர்திருத்தம் இந்தச் சாசேஜில் தொடங்கியது என்று இன்றும் சொல்வார்கள். எழுதியவனைவிடப் பரிமாறியவன் முந்திக்கொண்ட சம்பவம் மத வரலாற்றில் அதிகம் இல்லை.

இந்தக் கலகத்தால் மீன்காரர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் ஆனதும் மீனவர் குறைந்தார்கள். மீனவர் குறைந்தால் கடற்படைக்கு மாலுமி ஏது? எலிசபெத் அரசியின் அமைச்சர் வில்லியம் செசில் 1563-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: வெள்ளியும் சனியும் போதாது, இனிப் புதன்கிழமையும் மீன்தான் சாப்பிட வேண்டும். கூடவே ஒரு எச்சரிக்கை. இது ஆத்தும இரட்சிப்புக்கான நோன்பு என்று யாராவது பிரசங்கித்தால் பொய்ச்செய்தி பரப்பிய குற்றத்துக்குத் தண்டனை! கடவுளை வெளியே அனுப்பிவிட்டுப் பட்டினியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்ட சட்டம் இது. மக்கள் இதற்குச் 'செசிலின் நோன்பு' என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். 1585-ல் புதன்கிழமையைக் கைவிட்டார்கள்.

அதற்குள் கத்தோலிக்க நாடுகளுக்கு வேறு தலைவலி. மெக்சிகோவிலிருந்து சாக்லேட் வந்திருந்தது, அப்போது குடிக்கும் பானமாக. அது நோன்பை முறிக்குமா, முறிக்காதா? மாட்ரிட்டில் அன்டோனியோ டி லியோன் பினேலோ 1636-ல் இந்த ஒரே கேள்விக்கு ஒரு புத்தகம் எழுதினார். 1664-ல் ரோமில் கர்தினால் பிரான்காச்சியோவின் நூல் வந்தது: பானம் நோன்பை முறிக்காது, சாக்லேட் பானம், ஆகவே முறிக்காது. காலையில் காப்பி குடித்துவிட்டு "நான் விரதம்" என்று சொல்லும் எவருக்கும் கர்தினால் உறவினர்தான்.

இதே காலத்தில் இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். போர்ச்சுகீசியர் மலபாருக்கு வந்தபோது தோமா கிறிஸ்தவர்களுக்கு நோன்பைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாரசீக, சிரியத் திருச்சபைகளின் வழியாக வந்த கடுமையான நோன்புகள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. யோனாவையும் நினிவேயையும் நினைத்து இருக்கும் மூன்று நாள் நோன்பு அவற்றில் ஒன்று; குறவிலங்காட்டில் மரக்கப்பல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும் ஊர்வலம் இன்றும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. மலையைத் தாண்டி மதுரைக்கு 1606-ல் வந்த இத்தாலியர் ராபர்ட் டி நோபிலி இன்னும் ஒருபடி போனார். மதுரையில் அவருக்கு முன்பே இருந்த குரு பரங்கியாகவே வாழ்ந்ததால் உள்ளூர்க்காரர்கள் அண்டவில்லை. நோபிலி காவி கட்டினார், மாட்டையும் மதுவையும் விட்டார், ஒரு நாளைக்கு ஒரு வேளை மரக்கறிச் சோறு என்று ஆக்கிக்கொண்டார். ஐரோப்பாவில் கறி தின்பது விடுதலையின் அடையாளமாக இருந்தபோது, வைகைக்கரையில் கறியை விட்டது பேச்சுக்குக் காது கிடைக்க வழியானது. கூட இருந்தவர்களே ரோமுக்குப் புகார் எழுதினார்கள். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் முறையை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மரக்கறித் தட்டோடு சாதிக்கோடும் சேர்ந்தே வந்தது. மேல்சாதிக்கு ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பண்டாரசாமிகளில் ஒருவர்தான் லிஸ்பனில் பிறந்த அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ. அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர், மறவர் சீமையில் சோறும் கீரையும் தின்று அலைந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர், வரக்கூடிய தேதிகளிலேயே மிக முந்தியதான மார்ச் 22-ல் வந்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: அவர் இறந்த நாள் சாம்பல் புதன்.

தமிழ்நாட்டில் நோன்பு தங்கிப்போன இடங்களில் கஞ்சிப் பானை முக்கியமானது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். இந்த ஏற்பாடு தென்னமெரிக்காவில் பிறந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். பெரு நாட்டின் லிமா நகரை 1687-ல் நிலநடுக்கம் உலுக்கியபின் அங்கிருந்த ஏசு சபைக் குரு அலோன்சோ மெசியா தொடங்கிவைத்த பக்தி முயற்சி அது. அது ரோமுக்குப் போயிற்று; 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபை எடுத்துக்கொண்டபின், மிஷனரிகளோடு நம்மூர் வந்து சேர்ந்தது. லிமாவில் இல்லாத ஒன்றை நாம் சேர்த்தோம். மூன்று மணி அடித்ததும் கோயில் வளாகத்து வேப்ப மரத்தடியில் அண்டா திறக்கும். சிறுபயறு போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையலோ ஊறுகாயோ. தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களிடம் எந்த மதம், எந்தச் சபை என்று யாரும் கேட்பதில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் பல ஊர்களில் அகப்பையைப் பிடித்திருப்பார்.

ஹெர்மாஸின் பழைய கணக்கு திரும்பி வந்தது 1886-ல், லண்டனில், ஒரு புட்டிங்கின் வழியாக. இரட்சணிய சேனைக் கூட்டமொன்றில் வெளிநாட்டு ஊழியத்துக்கு நிதி கேட்டார்கள். மேஜர் ஜான் கார்ல்டன் என்பவர் கொடுக்கக் கையில் பணம் இல்லாமல், ஒரு வருஷம் தினமும் புட்டிங் சாப்பிடுவதை விட்டு, அதில் மிச்சமாகும் தொகையைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் வில்லியம் பூத் அதைப் படித்துவிட்டு யோசித்தார்: ஒருவர் ஒரு வருஷம் விடுவதற்குப் பதில் எல்லோரும் ஒரு வாரம் எதையாவது விட்டால் என்ன? அப்படித்தான் தன்மறுப்பு வாரம் பிறந்தது. முதல் ஆண்டே 4,820 பவுண்டு சேர்ந்தது. நாகர்கோவிலில் காத்தரின் பூத் மருத்துவமனையை நடத்திவரும் சேனையின் வெளிநாட்டுப் பணிகளுக்கெல்லாம் இன்றும் இந்த நிதி ஓர் ஊற்று.

புட்டிங் இல்லாத மிசோரம் மலைகளில் அரிசி இருந்தது. 1910 முதல் மிசோ பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தார்கள்; அதை 'புஃபாய் தாம்' என்கிறார்கள். கையில் காசு புழங்காத வீடுகளில் பெண்களின் வசத்தில் இருந்த ஒரே செல்வம் அரிசிப் பானைதான். வாராவாரம் அதைச் சேகரித்து, சபைக்காரர்களுக்கே விற்றுப் பணமாக்குவார்கள். யாரும் பட்டினி கிடப்பதில்லை. எல்லோர் தட்டிலும் ஒரு கவளம் குறைகிறது. இன்று அது ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். நம்முடைய பிடியரிசியும், கொரியப் பெண்கள் கோயிலுக்குக் கொண்டுபோன அரிசிப் பையும் இதன் சகோதரிகள். நோன்புக்கென்றே ஒரு மலையை ஒதுக்கியதும் கொரியர்கள்தான். சியோலுக்கு அருகே ஓசன்ரியில் 1973-ல் தொடங்கிய உபவாச ஜெப மலை, ஆசியப் பெந்தெகொஸ்தே சபைகளில் பலருக்கு முன்மாதிரியாயிற்று.

அமெரிக்காவில் நோன்பு வேறொரு கைக்குப் போனது. சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கடை எடுத்திருந்த லூ க்ரோன், சுற்றிலும் கத்தோலிக்கர் நிறைந்த பகுதி என்பதால் வெள்ளிக்கிழமைகளில் ஈயோட்டினார். மீன் சாண்ட்விச் போடலாம் என்றார். தலைமை ஆளான ரே க்ராக்குக்கு மீன்வாடை ஆகாது. அன்னாசித் துண்டை ரொட்டிக்குள் வைத்த 'ஹூலா பர்கர்' அவர் யோசனை. 1962-ல் புனித வெள்ளியன்று இரண்டையும் பந்தயத்தில் விட்டார்கள். மீன் 350, அன்னாசி 6 என்று க்ரோன் பிற்காலத்தில் சொன்னார். 1965-ல் அந்த மீன் சாண்ட்விச் நாடு முழுதும் வந்தது. மறு ஆண்டே, 1966 பிப்ரவரியில், போப் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தினார். வெள்ளிக்கிழமை கறி விலக்குக்குப் பதிலாக வேறு தவமோ தர்மமோ செய்யலாம் என்று அந்தந்த நாட்டு ஆயர்கள் தீர்மானிக்க வழி திறந்தது. நியூ இங்கிலாந்துத் துறைகளில் மீன் விலை ஏறக்குறைய 12 சதவீதம் சரிந்ததாக ஃபிரெடரிக் பெல் என்ற பொருளியலாளர் 1968-ல் கணக்கிட்டார். அவர் கட்டுரையின் தலைப்பே 'போப்பும் மீன் விலையும்'. சாண்ட்விச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை; தவக்காலம்தான் இன்றும் அதன் பொங்கல் சீசன். 1975-ல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், ஆப்பிரிக்கப் பஞ்சத்தைக் கண்டு, ஓர் அட்டைக் கிண்ணத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விட்ட சாப்பாட்டின் காசை அதில் போடும் 'அரிசிக் கிண்ணம்' திட்டமும் தொடங்கியது. காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் பங்குக் கோயில்களில் பசிக்கும் நோய்க்கும் எதிராக வசூலிக்கும் காணிக்கையும் இதே வழியைச் சேர்ந்தது.

கடைசியாக ஒரு திருப்பம். இங்கிலாந்து, வேல்ஸ் கத்தோலிக்க ஆயர்கள் 2011 செப்டம்பரில் வெள்ளிக்கிழமைக் கறி விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். யாரும் கண்காணிக்கவில்லை, அபராதம் கிடையாது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதன் விளைவை அளந்து 2022-ல் வெளியிட்டார்கள். கத்தோலிக்கர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர்தான் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கறியை அறவே விடவில்லை, குறைத்துக்கொள்ளப் பார்த்தோம் என்றுதான் சொன்னார்கள். அதற்கே ஆண்டுக்கு 55,000 டன்னுக்கு மேல் கரிப்புகை மிச்சம் என்று வந்தது கணக்கு. போப் உலகம் முழுவதற்கும் பழைய வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று ஆய்வாளர்கள் கையோடு கூட்டிப் பார்த்தும் வைத்திருக்கிறார்கள். மீன் வியாபாரிகள் இதைப் படித்திருப்பார்கள் என்று நம்பலாம்.